சயனைடு மேட்டின் நான்காவது வகை

செடிகளைப் பற்றித் தெரியாததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் தெருக் குழாயில் எந்தக் கிழமை தண்ணீர் வரும் என்பது எனக்குத் தெரியாது. (எம்.எஸ்சி. படிப்பவனுக்கு அதெல்லாம் எதற்கு?)

கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டலில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே சயனைடு மேடு. சயனைடு ஊற்றித் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய மாவு மண், மலை மலையாக. காற்றடித்தால் சோற்றில் விழும். அப்பாவின் நெஞ்சிலும் விழும். முப்பது வருஷம் சுரங்க ஷாஃப்டில் இறங்கிய அந்த நெஞ்சில் ஏற்கெனவே இடமில்லை.

அந்த மணலில் எந்தச் செடி எதோடு கூட்டம் சேர்கிறது என்று வகை பிரிப்பதுதான் என் ஆய்வு. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் போட்டு, உள்ளே இருப்பதை எண்ணி எழுத வேண்டும். உச்சியில் ஒன்றுமே இல்லை: முதல் வகை. (அதற்கும் பெயர் வைத்தேன்.) சரிவில் நாணல், இரண்டாவது. அடிவாரத்தில் சீமைக்கருவேலம், மூன்றாவது. எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால் மட்டும் கத்தாழை, எருக்கு, வெட்டிவேர் எல்லாம் பச்சைப் பசேலென்று, அதுவும் நூல் பிடித்த மாதிரி நேர்வரிசையில். "இயற்கையின் ஒழுங்கு" என்று குறிப்பேட்டில் எழுதினேன். உலகம் அறியாத நான்காவது வகை! மாதிரிக்கு இரண்டு செடி போதும். நான் ஒரு சாக்கு நிறைய வேரோடு பிடுங்கினேன்.

மறுநாள் பெங்களூரிலிருந்து என் பேராசிரியை மேட்டைப் பார்க்க வந்தார்.

"இங்க மட்டும் எப்படிப்பா?"

"நிலத்தடி ஊற்று மேடம். பாறை வெடிப்பு வழியா..."

கால் மணி நேரம் விளக்கினேன். அதற்குள் அம்மா, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடத்தில் சுமந்துகொண்டு மேடேறி வந்தாள். குழிகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"எவன்டா இத்த புடுங்கினது? அவன் கை வெளங்குமா? ஆறு வருசமா குடம் குடமா ஊத்திக்கினு கீறேன்!"

சாக்கு என் காலடியில் இருந்தது. மேடம் என்னைப் பார்த்தார். நான் பாறை வெடிப்பைத் தேடினேன்.

"எதுக்கும்மா ஊத்தறீங்க?"

"மண்ணு பறக்காம கீறதுக்குத்தாங்க. இவங்க அப்பாவுக்கு மூச்சு வாங்குது."

அந்த ஆறு வருஷமும் அதே வீட்டில் தின்று தூங்கியவன் நான்.

அந்த வாரமே ஆடிக்காற்று தொடங்கியது. நான் பிடுங்கிய இடைவெளி வழியாக மண் நேரே எங்கள் ஜன்னலுக்கு வந்தது. ஈரப் போர்வை கட்டினோம். படுக்க முடியாமல் அப்பா உட்கார்ந்தே இருமினார். சாக்கில் இருந்ததையெல்லாம் திரும்ப நட்டேன், காகிதத்துக்குள் அழுத்திக் காயவைத்தவை உட்பட. என் 'நிலத்தடி ஊற்று' அம்மா வழியாக அவர் காதுக்கும் போயிருந்தது. இருமலுக்கு நடுவே கூப்பிட்டார்:

"இன்னாடா ஊத்து, கொஞ்சம் தண்ணி குடு."

மார்கழியை அவர் தாண்டவில்லை. அது முப்பது வருஷத்துத் தூசி, உங்களால் இல்லை என்று கோலாரில் டாக்டர் சொன்னார். நம்பப் பார்க்கிறேன்.

எங்கள் குழாயில் தண்ணீர் செவ்வாயும் சனியும் வரும்; இப்போது எனக்குத் தெரியும். கல்யாணமாகி இத்தனை நாள் கழித்தும், குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நான் கிளம்பும்போதெல்லாம் அம்மா என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவாள்:

"பாரு, ஊத்து மேடேறுது."