மூக்கு மட்டும் குடித்த விஸ்கி

செஞ்சி,
ஞாயிறு மதியம்.

அன்புத் தம்பி எழிலரசனுக்கு, உன் நைனாவோடு ஒரே பெஞ்சில் படித்த மல்லாட்டைக் கடலை மண்டி குணபாலன் சித்தப்பா எழுதுவது. அருகப் பெருமான் அருளால் இங்கு அனைவரும் நலம். ஸ்காட்லாந்துக் குளிர் உன்னையும் மருமகளையும் ரொம்ப வாட்டாமல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என் வீட்டில் எல்லோரும் படித்த பிறகுதான் உனக்கு வந்து சேரும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

தம்பி, தீபாவளிக்கு நீ நண்பன் கையில் கொடுத்தனுப்பிய சிங்கிள் மால்ட் விஸ்கி அசல் சரக்குதான். அதைப் போலி என்று உன் நைனா உன்னைத் திட்டியதற்கு முழுக்காரணம் நான்.

கொரோனா வந்துபோனதிலிருந்து உன் நைனா தனகோட்டியின் மூக்கில் எந்த வாசனையும் ஏறுவதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். நீ சொன்னபடி சோடா கலக்காமல், சில சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "எனக்கு எரியுது, அவ்ளோதான்டா. புள்ள ஆசையா அனுப்பியிருக்கான். நீ மோந்து சொல்லு, நான் குடிக்கிறேன்" என்றான். நான் மதுவைத் தொடாத வம்சம். ஆனால் மூட்டைக்குள் மூக்கை விட்டே மல்லாட்டையின் ஈரத்தைச் சொல்கிறவன். முகர்வதும் குடிப்பதில் சேருமா என்று மேல்சித்தாமூர் சமண மடத்தில் கேட்டிருக்கலாம். பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, இருட்டிய பின் எதுவும் உண்ணாத எங்கள் வழக்கப்படி, ஞாயிறுதோறும் பொழுது சாய்வதற்குள் முகர்ந்து முடித்துவிடுவேன். முதலில் ஆஸ்பத்திரி டிஞ்சர் வாடைதான் அடித்தது; அதைத் தாண்டினால் கரும்புச் சோகை எரிந்த புகை, அதற்கும் பின்னால் வெல்லப் பாகு, கிளாஸைக் கொஞ்சம் கையிலேயே வைத்திருந்தால் காய்ந்த கோட்டைப் பாறையில் முதல் தூறல் விழுந்த மணம். நான் சொல்லச் சொல்ல உன் நைனா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்துத் தலையாட்டுவான். அந்தச் சாயங்காலங்கள் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டன, வினையே அதுதான்.

போன மாதம் அவன் போட்ட ஒரு தும்மலில் கிளாஸ் சாய்ந்து அத்தனையும் என் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. வீட்டுக்குப் போனால், அன்றைக்கென்று என் அக்கா சுதர்சனா வந்திருந்தார். குடித்தது சட்டைதான், நான் இல்லை என்றேன். அக்கா கொடுத்த தண்ணீரையும் தொடாமல், பஸ் ஏறிப் போய்விட்டார். உன் சித்தி நீலாஞ்சனா சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்தாள். இனி உன் நைனா வீட்டுப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தவன், அதை நேராகச் சொல்ல வாய் வராமல், சரக்கில் மணமே போய்விட்டது, இனி நான் வந்து பிரயோசனமில்லை என்று தனகோட்டியிடம் போனில் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மண்டிக்கு வந்து தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "பெத்த அப்பனுக்கே டூப்ளிகேட் அனுப்பியிருக்கான். நல்லா கேட்டுட்டேன். இனிமே அவனாண்ட பேச்சே கெடையாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். ஒரு பொய்யில் அப்பனையும் பிள்ளையையும் பிரித்துவிட்டேன். நீ பெரிய மனது பண்ணி முதலில் அவனைக் கூப்பிட்டுப் பேசு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம்கோணாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
குணபாலன் சித்தப்பா

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் தனகோட்டி வந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டான். உன்னை அவன் திட்டவே இல்லையாமே. அப்படிச் சொன்னால் நான் பதறிக்கொண்டு ஓடி வருவேன் என்று பார்த்தானாம். அதோடு, மூக்கில் வாசனை பொங்கலுக்கே திரும்பிவிட்டதாம். ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லிட்டா நீ எதுக்குடா வரப்போற" என்றான். பாட்டிலும் தீர்ந்துவிட்டதாம். ஊருக்கு யாராவது வந்தால் இன்னொன்று கொடுத்தனுப்பு. கேட்டது யார் என்று மட்டும் வெளியே சொல்லிவிடாதே.