தம்பையா அண்ணையின் வேலியும் நான் காய்ச்சிய கூழும்

சமூகங்களைக் கட்டியெழுப்பப் புறப்படுகிறவர்களுக்குச் சமையல் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் தன்னம்பிக்கை மட்டும் அன்று அளவுக்கு மிஞ்சி இருந்தது. (இன்றும் குறையவில்லை என்கிறார் என் கணவர். அவர் சொல்வதையெல்லாம் நான் பெரிதாக எடுப்பதில்லை.)

போர் ஓய்ந்து கண்டி வீதி திறந்திருந்த சமாதானக் காலம். ஒரு தொண்டு நிறுவனத்தில் கள அலுவலராக எனக்கு முதல் வேலை. கொழும்பில் பயிற்சி தந்தார்கள். ‘நிலைத்து நிற்கும் சமூகம்’ என்று தலைப்புப் போட்டு, வண்ண வண்ண அட்டைகளைச் சுவரில் ஒட்டப் பழக்கினார்கள். அட்டை ஒட்டுவதில் நான்தான் முதலாவது. அந்தக் கெட்டித்தனத்தோடு ஊர்காவற்றுறைப் பக்கம் வந்து, புளியங்கூடலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் லேடீஸ் சைக்கிளில் போய் இறங்கினேன்.

அந்தக் கிராமத்தில் மேற்குப் பக்கம் தோட்டம் செய்கிற சைவக் குடும்பங்கள். கிழக்கே கடற்கரையோரம் மீன்பிடித் தொழிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள். இருபகுதிக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று. மற்றக் கிணறுகள் எல்லாம் உவர், வாயில் வைக்க ஏலாது. அந்தக் கிணறு பொதுக் காணியில்தான் இருந்தது. ஆனால் கடற்கரைக்கும் கிணற்றுக்கும் நடுவில் தம்பையா அண்ணையின் காணி கிடந்தது, கடல் பக்கம் தவிர மற்றப் பக்கமெல்லாம் பனையோலை வேலியோடு. கடற்கரைப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் காணியைச் சுற்றி, பெரிய வீதியால் போய் வந்தார்கள். வேலியில் ஓர் ஆள் நுழையுமளவு இடைவெளி, ஊர்ப்பேச்சில் ஒரு ‘பொட்டு’, விட்டால் போதும்.

“இண்டைக்குப் பொட்டு எண்டுவியள் பிள்ளை, நாளைக்கு ஒழுங்கை எண்டுவியள், பிறகு பஸ் விடுவியள்” என்றார் தம்பையா அண்ணை. அவருடைய பாட்டன் அந்த எல்லைக்காக வழக்குப் பேசியவராம். பரம்பரைக் கொள்கையை ஒரு சைக்கிள்காரிக்காக விட அவர் தயாராக இல்லை.

எங்கள் நிறுவனமோ கிணற்றடியில் தண்ணீர்த் தாங்கியும் குழாய்களும் போட்டுத்தருவதாகச் சொல்லி, ஒரு நிபந்தனையும் வைத்திருந்தது. இருபகுதியும் வந்துபோகப் பாதை இருக்க வேண்டும். இல்லையென்றால் திட்டம் வேறு தீவுக்குப் போய்விடும். முடிவு சொல்லக் கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் நேரில் வருகிறார் என்று அறிவித்தார்கள்.

நான் கலங்கவில்லை. அவர் வருகிற அன்றே ஊரைக் கூட்டிக் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளுவது, பிறகு எல்லோரும் ஒன்றாக இருந்து, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் குடிப்பது என்று திட்டம் போட்டேன். ஒரே பானைக் கூழைக் குடித்தபிறகு யார் யாருக்கு வழிமறிப்பார்கள்? நல்லூர்த் திருவிழா முடியும்வரை பொறுத்தேன். வெள்ளி சைவம், ஞாயிறு பூசை, ஆகவே சனிக்கிழமை. (இந்த இடத்தில் என் மதிநுட்பத்தை நீங்கள் மெச்சலாம். இதற்குப் பிறகு மெச்ச ஒன்றுமில்லை.)

சமத்துவம் முக்கியம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள் அல்லவா? அதனால் எந்த வேலையையும் ஒரு பகுதிக்கு மட்டும் கொடுக்கவில்லை. மீனும் நண்டும் அவர்கள், பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் இவர்கள். செத்தல் மிளகாய் அரைப்பது மட்டும் இருபகுதியும்.

கடற்கரைப் பெண்களுக்குத் தலைமை றோசம்மா அக்கா. அவர் தான் அரைத்த மிளகாய்க் கூட்டைப் பானை முழுவதற்கும் கணக்காக ஊற்றினார். தோட்டக்காரருக்குத் தலைமை தம்பையா அண்ணையின் மனைவி பரமேசு அக்கா. “அவையின்ர உறைப்பு எங்களுக்குக் காணாது” என்று தானும் பானை முழுவதற்கும் கணக்காக ஊற்றினார். நானோ இவர்கள் இருவருக்கும் முன்பே கூழை ருசி பார்த்து, சப்பென்று இருக்கிறதே என்று பதறி, பக்கத்து வீட்டுக்கு மிளகாய்த்தூள் வாங்க ஓடியிருந்தேன். திரும்பி வந்ததும் யாரையும் கேட்காமல் மொத்தத்தையும் கொட்டிக் கலக்கிவிட்டேன்.

பனையோலையில் மடித்த பிளாக்களில் கூழ் வார்க்கப்பட்டது. முதல் மிடறோடு ஊரே மூக்கை உறிஞ்சியது. எங்கள் பகுதியில் கூழ் உறைக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது மானக்கேடு. கண்ணீர் வழிய வழிய, “நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். கொழும்புப் பெரியவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

“தண்ணீர்!” என்றார்.

காலையில் அள்ளிவைத்த குடங்கள் கூழுக்கே முடிந்துவிட்டிருந்தன. கிணற்றை எட்டிப் பார்த்தேன். என் சொந்த மேற்பார்வையில், துடைத்துவைத்த சட்டிபோல், ஒரு சொட்டு இல்லாமல் இறைத்திருந்தார்கள். ஊறிவர அடுத்தநாள் ஆகும்.

அப்போது தம்பையா அண்ணை எழுந்தார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மிகவும் கம்பீரமாகத் தன் வேலிவரை நடந்தார். வேலிக்கு அந்தப்பக்கம் அவருடைய இளநீர் மரங்கள் நின்றன. படலை வாசலுக்குப் போவதென்றால் பெரிய வீதியால் சுற்றவேண்டும். ஒரு கணம் யோசித்தார். பிறகு இரண்டு கையாலும் ஓலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தார். அவருக்குப் பின்னால் கொழும்புப் பெரியவர், சப்பாத்தோடு. அவருக்குப் பின்னால் சைவக்காரர், வேதக்காரர் என்ற பேதமில்லாமல் ஊர் முழுவதும்.

இளநீர் குடித்து மூச்சு வந்தபிறகுதான் பெரியவர் சுற்றிப் பார்த்தார். வேலி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. றோசம்மா அக்கா வீட்டாள்கள் அதற்குள்ளால் புகுந்து கடற்கரைக்கு இளநீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

“பாதை திறந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

எல்லோரும் தம்பையா அண்ணையைப் பார்த்தோம். என் வேலை, ஊரின் தண்ணீர், எல்லாம் அவருடைய வீங்கிய நாக்கின் நுனியில் நின்றன.

“உறைப்புத் தாங்காமல் எல்லோ அண்ணை பிச்சுக்கொண்டு ஓடினவர்!” என்று றோசம்மா அக்கா சிரித்தார்.

“ஆர், நானோ?” தம்பையா அண்ணை நிமிர்ந்தார். “இந்தக் கூழோ உறைப்பு? பாதை விடத்தான் பிடுங்கினனான். எழுதுங்கோ ஐயா!”

பெரியவர் எழுதினார். பரமேசு அக்கா மட்டும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அப்பால் போனார். நான் அழுதேன். மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தாங்கி வந்தது, குழாயும் வந்தது. பிறகு கெட்ட காலமும் வந்து சனம் சிதறிப்போய்த் திரும்பியது. அந்த இடைவெளியைத் தம்பையா அண்ணை அடைக்கவேயில்லை. அடைத்தால் உறைப்புக்கு ஓடியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஊரில் அதற்கு ‘மிஸ் பொட்டு’ என்று பெயர். அந்த மிஸ் நான்தான்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. “ஆக்களின்ர பேரில பள்ளிக்கூடம் இருக்கும், றோட்டு இருக்கும். என்ர மனிசியின்ர பேரில வேலியில ஒரு ஓட்டை இருக்கு” என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள், பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். நன்றாகச் சிரிக்கட்டும். கடற்கரைக்கு நல்ல தண்ணீர் இன்றைக்கும் என் ஓட்டைக்குள்ளால்தான் போகிறது.