இருவாச்சிக்கு வந்த நோட்டீஸ்

மலைப் பறவைகளின் வாழிடத்தை விவசாயிகளின் முழு ஒத்துழைப்போடு பாதுகாப்பது என்று வனத்துறை அலுவலகத்தில் தீர்மானம் போட்ட அன்றே எங்களுக்குக் கெட்ட காலம் தொடங்கிவிட்டது. அதுவரை பறவைகளும் நாங்களும் ஒருவர் வழிக்கு ஒருவர் போகாமல் நன்றாகத்தான் இருந்தோம்.

என் அக்காவின் காப்பித் தோட்டம் என் தோட்டத்தை ஒட்டியது. அதன் நடுவில் ஒரு பெரிய நிழல் மரம், அதில் முப்பது அடி உயரத்தில் ஒரு பொந்து. வருஷா வருஷம் ஒரு இருவாச்சி ஜோடிக்கு அங்கேதான் குடித்தனம். பெண் பறவை பொந்துக்குள் போய் மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு முட்டையிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு இடுக்கு மட்டும் பாக்கி இருக்கும். அதன் வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். நாலு மாசம் கழித்துக் குஞ்சு தேறியதும் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அந்த நாலு மாசமும் அக்கா அந்தப் பக்கம் யாரையும் கிளை வெட்டிக் கவாத்து பண்ண விடமாட்டாள். நான் தும்மினால் முறைப்பாள். அவள் வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், ரேடியோ இல்லாமல் பத்தடி நடக்கமாட்டார். பேசினால் அடுத்த மலைக்குக் கேட்கும். அவரை வாயை மூட வைப்பதிலேயே அக்காவுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

இப்படியிருக்க, அலுவலர் வந்தார். முதல் வேலையாக மரத்தில் நாலு பெரிய ஆணி அடித்து ஒரு பலகை மாட்டினார். 'இம்மரம் பாதுகாக்கப்பட்டது. இதில் எவ்வித மாற்றமும் செய்தல் கூடாது.' பிறகு பைனாகுலரில் மேலே பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அங்க சுவர் மாதிரி ஏதோ தெரியுதே, யார் கட்டினது?"

"பறவைதான் சார்," என்றாள் அக்கா.

"அனுமதி வாங்கிச்சா?"

"நீங்க பலகை மாட்டுறதுக்கு முன்னாடியே கட்டிடுச்சு சார்."

"அப்ப இது பழைய ஆக்கிரமிப்பு, இன்னும் மோசம். உள்ள யார் இருக்காங்க?"

"பொண்டாட்டியும் குஞ்சும்."

"வெளிய வரச் சொல்லுங்க. கணக்கெடுக்கணும்."

"வரமாட்டா சார். றெக்கையெல்லாம் உதிர்ந்து கிடக்கா."

"புருஷன் எங்க?"

"வருவான், போவான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை."

'ஆண் பறவை நிரந்தரக் குடியிருப்பாளர் அல்ல' என்று அலுவலர் எழுதிக்கொண்டார்.

மறுநாளே நோட்டீஸ் வந்தது. பறவைக்கு விலாசம் இல்லாததால் அக்கா பேருக்கு வந்தது. மேற்படி சுவர் காற்றோட்ட விதிகளுக்குப் புறம்பானது. பதினைந்து தினங்களுக்குள் அகற்றத் தவறினால் அலுவலகமே அகற்றி, மேற்படி பறவையை மாதிரிக் கூட்டில் குடியமர்த்தும்.

மாதிரிக் கூடு என்பது அலுவலக வளாகத்தில் புதிதாகக் கட்டியது. சிமெண்டுத் தளம், சுவரில் டைல்ஸ், மேலே ஒரு மின்விசிறி. மேலதிகாரி குனியாமல் பார்வையிட வேண்டும் என்பதற்காக ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள்.

"சுவர் போச்சுன்னா குஞ்சு செத்துரும்டா," என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்துபோனதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மனு எழுதிக்கொண்டு கிளம்பினோம்.

அலுவலகத்தில் ஒரு பலகைத் தடுப்பு, அதில் ஒரு இடுக்கு. அதிலிருந்து ஒரு கை வந்து மனுவை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. அது எழுத்தரின் கை. பதினெட்டு வருஷமாக அந்தக் கையை எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்ததில்லை.

"நாளைக்கு வாங்க," என்றது இடுக்கு.

நாளைக்கும் போனோம், அதற்கு மறுநாளும் போனோம். கடைசியில் அலுவலரையே பிடித்துவிட்டோம்.

"குஞ்சு வெளிய வர இன்னும் இருபது நாள் வேணும் சார், அதுவரைக்கும் பொறுங்க," என்றாள் அக்கா.

"மாதிரிக் கூட்டுக்கு இந்த வாரமே திறப்பு விழா. பறவை இல்லாம எப்படித் திறக்கிறது? கொஞ்சம் பொறுப்பா பேசுங்கம்மா."

விழா நாள் காலையில் ஏணியும் உளியுமாக வந்துவிட்டார். அக்கா மரத்தடியில் நின்று பலகையைக் காட்டினாள்.

"எவ்வித மாற்றமும் செய்யக் கூடாதுன்னு போட்டிருக்கே சார். சுவரை எடுக்கிறது மாற்றம்தானே?"

அலுவலர் பலகையை இரண்டு முறை படித்தார். கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது.

"அப்ப நான் யார்கிட்ட அனுமதி வாங்கணும்?"

"உங்ககிட்டதான் சார்."

அங்கேயே உட்கார்ந்து தனக்குத் தானே ஒரு மனு எழுதினார். வாங்கிப் படித்தார். போதிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை என்று நிராகரித்தார். அவரை என்ன குறை சொன்னாலும் சொல்லலாம், ஆனால் தெரிந்தவர் என்று யாருக்கும் சலுகை காட்டமாட்டார்.

பதினொரு மணிக்கு மேலதிகாரியின் ஜீப் வருவதாகத் தகவல். வேறு வழியில்லாமல் எழுத்தரைத் தூக்கி மாதிரிக் கூட்டுக்குள் உட்காரவைத்து, வாசலைப் பூசி, ஒரு இடுக்கு மட்டும் விட்டார்கள். அவர் கையில் மஞ்சள் அட்டையில் ஓர் அலகு மாட்டினார்கள். வேடிக்கை பார்க்க நாங்களும் போயிருந்தோம்.

மேலதிகாரி ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். அலகு வந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன ஒரு நம்பிக்கை மனுஷங்க மேல. இது சத்தம் போடுமா?"

"நாளைக்கு வாங்க," என்றது கூடு.

"பாருங்க, விருந்தோம்பல்," என்று மேலதிகாரி நெகிழ்ந்துபோனார். பறவையின் குரல் அப்படியே கோப்பில் பதிவானது.

இருபதாம் நாள் அக்காவின் மரத்தில் சுவர் உடைந்தது. தாயும் குஞ்சும் வெளியே வந்தன. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். அலுவலகம் 'ஆக்கிரமிப்பாளர் தாமாகவே காலி செய்தார்' என்று எழுதிக் கோப்பை முடித்தது.

எழுத்தர் மட்டும் வெளியே வரவில்லை. கூட்டில் பறவை உள்ளதாக அறிக்கை போய்விட்டதே. அவரும் ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பழைய இடத்தில் மின்விசிறி கிடையாது. இப்போது மனுக்களை அந்த இடுக்கில்தான் கொடுக்கிறோம், ஒரு வித்தியாசமும் இல்லை.

வருஷக் கணக்கெடுப்பில் எங்கள் மலையில் இருவாச்சி ஒன்றே ஒன்று என்று வந்தது. அது எழுத்தர். அக்கா மரத்து மூன்றும் அங்கீகரிக்கப்பட்ட கூட்டில் வசிக்காததால் கணக்கில் வராது. திட்டத்தின் மாபெரும் வெற்றியை முன்னிட்டு இன்னும் நாற்பது மாதிரிக் கூடுகள், கூட்டுக்கு ஒரு பறவைப் பணியிடம். மலையே வரிசையில் நின்றது. நானும் நின்றேன், எனக்கென்ன வெட்கம்.

விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டா, அந்தப் பறவையே நாலு மாசத்துல சுவரை உடைச்சுக்கிட்டு வந்துருச்சு. நீ எப்ப வருவ?"

"அறுபது வயசுல அக்கா, ஓய்வூதியத்தோட."

திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். மேலே ஆண் பறவை மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது, அடுத்த குடித்தனத்துக்குப் பொந்தை நோட்டம் பார்க்கிறது போல. அந்த நேரம் பார்த்து மச்சான் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தார். பறவை விருட்டென்று அடுத்த மலைக்குப் போய்விட்டது.

அக்கா அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் மச்சானுக்கும் ஒண்ணு எழுதிரு," என்றாள். "பழம் நான் கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன்."