கட்டை இல்லாத ஆல்பம்

"உங்க புது ஆல்பம் பிரமாதம் சார்!" என்று பல் டாக்டர் சொன்னபோது கட்டையின் இரண்டு கைகளிலும் ஒரு வாஷ்பேசின் இருந்தது. இல்லாவிட்டால் கும்பிட்டிருப்பார்.

"எந்த ஆல்பம் சார்?"

"என்ன இப்படிக் கேட்கிறீங்க? அதுலயும் அந்த மூணாவது இருக்கே, அடேயப்பா! என் வீட்டுக்காரிக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"நன்றி சார்" என்றார் கட்டை. வேறென்ன சொல்வது? அவரை யாராவது அடையாளம் கண்டுகொண்டு ஒரு மாமாங்கம் ஆகிறது. டாக்டர் வாஷ்பேசினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இந்த டைல்ஸ் கடைக்கு வேலைக்கு வருவதற்கு முன்பு கட்டை ஒரு ராக் பேண்டில் பேஸ் கிடார் வாசித்தவர். எப்போதும் கட்டைச் சுருதியிலேயே உறுமிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். பாடகர், கிடார்காரர், டிரம்ஸ்காரர், இவர் என்று நாலு பேர். நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள். போஸ்டரில் யார் முன்னால் நிற்பது என்ற தகராறில் நாலு திசைக்குப் போனார்கள். அதற்கப்புறம் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை.

ஆக, மூன்று பேரும் மறுபடி சேர்ந்திருக்கிறார்கள். இவரை விட்டுவிட்டு.

சிடி கடையில் போய் விசாரித்தார். "அப்படி எதுவும் வரலையே" என்றார்கள். அதற்குள் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று கட்டை முடிவு கட்டினார்.

அன்றிலிருந்து, கேட்காத ஆல்பத்தை மனதுக்குள் கேட்கத் தொடங்கினார். ஒற்றை அறையில் ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் கழுவிக் கவிழ்க்கும்போது முதல் பாட்டு ஓடும். டிரம்ஸ்காரர் வழக்கம்போல எண்ணி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார். காலில் விழுந்து கெஞ்சினாலும் கிடார்காரர் நிறுத்தமாட்டார். பாடகருக்கு, படுபாவி, குரல் முன்பைவிடக் கனிந்திருந்தது. பேஸ் வாசித்தது யாரோ சின்ன வயசுக்காரன். தலை நிறைய முடி வேறு.

நாளுக்கு நாள் அந்த ஆல்பம் மெருகேறிக்கொண்டே போனது. மூணாவது பாட்டைக் கேட்டு, வாணலியைத் தேய்த்தபடியே கட்டையும் ஒருநாள் அழுதார்.

பொறுக்கமுடியாமல் கிடார்காரருக்குப் போன் போட்டார். நம்பர் மாறவில்லை.

"மூணு பேரும் சேர்ந்து ஆல்பம் போட்டீங்களே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாடா?"

"என்னடா உளர்றே? நான் எங்க... இரு இரு. அப்போ என்னையும் விட்டுட்டுப் போட்டுட்டானுங்களா?"

அரை மணி நேரத்தில் டிரம்ஸ்காரரிடமிருந்து போன் வந்தது.

"நீயும் கிடாரும் சேர்ந்துட்டீங்களாமே! டிரம்ஸுக்கு யாருடா? மிஷினா?"

"ஐயோ, நான் சேரலைடா!"

"அப்புறம் எதுக்கு உன்கிட்ட இப்பத்தான் பேசினேன்னு அவன் சொல்றான்?"

கடைசியில் கட்டை பாடகரையே கூப்பிட்டார்.

"ஆல்பம் எடுத்திருக்கியாமே? ஊரெல்லாம் பேச்சா இருக்கு."

மறுமுனையில் எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. "யாரு... யாருடா சொன்னது?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். கட்டைக்கு அது போதும். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரும் என் ரூமுக்கு வாங்க. நேர்லயே பேசிக்கலாம்" என்று விலாசத்தைச் சொல்லிப் போனை வைத்தார். மற்ற இரண்டு பேருக்கும் அதையே சொன்னார்.

சனிக்கிழமை பல் டாக்டர் மறுபடியும் கடைக்கு வந்தார். கையில் பளபளவென்று ஒரு புத்தகம்.

"இந்த மூணாவது பக்கத்து நீலக் கலரைத்தான் சார் அன்னிக்குச் சொன்னேன். டைல்ஸ் ஆல்பம்னா இப்படிப் போடணும்! விலையைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரி அழுதா."

முதலாளி எல்லா வாடிக்கையாளருக்கும் தபாலில் அனுப்பியிருந்தாராம். அந்த ஆல்பத்தையும் கட்டையிடம் சொல்லாமல்தான் போட்டிருந்தார்கள்.

மூன்று பேருக்கும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தார். சொன்னால் வரமாட்டார்கள். போனைப் பையில் போட்டுக்கொண்டு, புதிதாக மூன்று டம்ளர் வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். ஒருவருக்கு வழுக்கை, ஒருவருக்குத் தொப்பை, ஒருவருக்கு முட்டிவலி; கட்டைக்கு மூன்றும். டீ ஆறிப்போகும்வரை சண்டை நடந்தது. "நீதான் எடுத்தே!" "நான் இல்லை, நீதான்!" உண்மை கட்டையின் தொண்டைவரை வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

"மொதல் பாட்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இப்படித்தானே?" என்று டிரம்ஸ்காரர் ஆத்திரத்தோடு மேஜையில் தட்டிக் காட்டினார்.

"அது இல்லடா. இப்படி" என்று கிடார்காரர் வாயாலேயே வாசித்தார்.

கட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர்களும் அந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கிறார்கள்! தட்டு கழுவிக்கொண்டோ, படுத்துக்கொண்டோ, தனியாக.

கட்டிலுக்கு அடியிலிருந்து பேஸ் கிடாரை இழுத்துத் தூசி தட்டினார். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் அது கொசு மாதிரி ரீங்கரித்தது. இருந்தாலும் மேஜைத் தாளத்தோடு சேர்ந்துகொண்டது.

பாடகர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். திடீரென்று பாட ஆரம்பித்தார். வரிகளோடு, சரணத்தோடு, ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. மனதுக்குள் நினைத்துப் பார்த்த பாட்டு இப்படி இருக்காது. வாய் பழகப் பழகப் பாடித் தேய்த்த பாட்டு இது.

கட்டையின் விரல் நின்றது. அப்படியானால் இவன் நிஜமாகவே எடுத்துவிட்டான்!

"யாரோட சேர்ந்துடா இதைப் பாடினே?" என்று கேட்க வாயெடுத்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். பாடகரைக் கூட்டிப்போக அவர் மனைவி வந்திருந்தார். பாடகரின் முகம் வெளிறிப்போனது.

அந்த அம்மா கிடாரையும் நாலு பேரையும் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதான் கட்டை அண்ணாவா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து, ஆல்பம் எடுக்கிறோம்னு ஒரு ஞாயித்துக்கிழமை தவறாம உங்க ரூமுக்குத்தான் கிளம்பி வர்றாரு, திரும்பி வந்து அன்னிக்கு எடுத்த பாட்டுன்னு பாடியும் காட்டுவாரு. இன்னிக்குத்தான் விலாசமே வாயில வந்துச்சு. எப்பண்ணா முடிப்பீங்க?"