கும்பிடு அங்கிளின் காரில் ஏறியவர்கள்

கிள்ளான் பண்டமாரானில், சாமியே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை எல்லாம் ஒரே சவாரியில் பக்தர்களாக மாற்றிய பெருமை ஒருவருக்குத்தான் உண்டு. அவர் என் அப்பா. என் மகள் யாழினிக்குத் தாத்தா. ஊருக்குக் கும்பிடு அங்கிள். அவர் இறந்தபோது இயற்பெயரைப் போட்டுச் செய்தி அனுப்பினேன். பாதிப் பேர், "அச்சச்சோ, யாரு இவரு?" என்று கேட்டார்கள். 'கும்பிடு அங்கிள்' என்று திருத்தி அனுப்பியதும் தெருவே திரண்டு வந்துவிட்டது.

துறைமுகத்தில் லோரி ஓட்டிய காலத்தில் வாங்கிய பெயர் அது. வழியில் கோயில் வந்தால் ஒரு கையை நெஞ்சுக்குக் கொண்டுபோவார். அதில் யாருக்கும் ஆபத்தில்லை. வேலையை விட்ட சில வருடங்களுக்குப் பிறகு இரண்டு கைகளும் ஸ்டீரிங்கை விட்டு மேலே எழ ஆரம்பித்தன. கூடவே கண்களும் மூடிக்கொள்ளும். கார் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

"அப்பா! கைய வைங்கப்பா!"

"சாமிய ஒரு கையால கும்பிட்டா நல்லா இருக்காது லா."

இந்தக் காரில்தான் யாழினி தினமும் தமிழ்ப்பள்ளிக்குப் போனாள். பள்ளி வேனில் ஏறினாலே அவளுக்கு வாந்தி. கணவருக்கு வேலை சிங்கப்பூரில். எனக்கோ பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம். பொழுது விடியுமுன் ரயில் பிடிக்க வேண்டும். அப்பாவை விட்டால் ஆளில்லை. ஏழரை மணிக்கு அவரிடமிருந்து கைப்பேசியில் ஒரு கும்பிடு படம் வரும். பிள்ளையைப் பள்ளியில் விட்டாயிற்று என்று அர்த்தம். அது வரும்வரை எனக்குத் தண்ணீர்கூட இறங்காது. வந்த பிறகு, ஓட்டிக்கொண்டே அனுப்பினாரோ என்று அடுத்த பயம் பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் தோசையை மென்றபடி யாழினி பெருமையாகச் சொன்னாள்: "தாத்தா கும்பிடறப்போ நான்தாம்மா ஸ்டீரிங்கப் புடிச்சுக்குவேன். அவரு ஓகே சொன்னா விட்டுருவேன்."

அவளுக்கு எட்டு வயது. இனி பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கண்டித்துச் சொல்லிவிட்டு மறுநாள் நிம்மதியாக ரயிலேறினேன். இனி ஸ்டீரிங்கைப் பிடிக்க ஆளே இல்லை என்பது அலுவலகத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

கோயிலே இல்லாத வழியாக அனுப்பலாம் என்று ஒரு பாதை கண்டுபிடித்தேன். கிள்ளானில் அப்படி ஒரு வழி கிடைத்ததே பெரிய விஷயம். முதல் நாளே அப்பா அங்கே மஞ்சள் துணி சுற்றிய ஒரு மரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அதைத் தாண்டியதும் சீனர்கள் வைத்திருந்த ஒரு சிவப்பு மாடம்.

"அது நம்ம சாமி இல்லையேப்பா!"

"ரோட்டுல இருக்கற சாமி எல்லாம் டிரைவருக்குச் சொந்தம்மா."

சாவியை ஒளித்து வைத்தேன். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. ஊர்க்காரர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "கும்பிடு அங்கிளா? அவர சாமி பாத்துக்கும்லா" என்று சிரித்தார்கள். அவர்கள் யாரும் அந்தக் காரில் இரண்டாவது தடவை ஏறியதில்லை.

ஒரு சனிக்கிழமை, யாழினியின் தேவார வகுப்புக்கு நானும் கூடப் போனேன். முன் சீட்டில் நான்தான். அம்மன் கோயில் வந்தது. அப்பாவின் இரண்டு கைகளும் எழுந்தன. நான் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். பயத்தில் நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது கார் ஒரு சாலையோர ஒட்டுக்கடைக்குள் பாதி நுழைந்து நின்றது. தே தாரேக் கிளாஸைத் தலைக்கு மேல் தூக்கிக் காப்பாற்றிய ஒருவர், "அங்கிள், ஆர்டர் குடுக்க எறங்கி வரணும்லா!" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் சக்கரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நொறுங்கிக் கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்த அக்கா சம்பல் கேட்க அப்போதுதான் எழுந்து போயிருந்தாராம். கையில் சம்பல் தட்டோடு நின்று அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா முதலில் பின்னால் திரும்பி யாழினியின் தலை, கை, முழங்கால் எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் கத்தினேன்:

"அப்படி என்னதாம்பா வேண்டிக்கிறீங்க, கண்ண மூடிக்கிட்டு?"

அப்பா என்ஜினை அணைத்துச் சாவியை உருவினார்.

"கண்ணுதாம்மா. ரெண்டு வருஷமா எதிர்ல வர்ற காடி சரியாத் தெரியல. இன்னிக்கு மட்டும் புள்ளையப் பத்திரமா கொண்டுபோய் விட்டுடணும்னு ஒவ்வொரு சாமிகிட்டயும் கேட்டுக்குவேன்."

"ஏம்பா சொல்லல?"

"சொன்னா நீ வேலைய விட்டுடுவே. அதான் பயம்."

சாவியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கிவிட்டார். இன்னொரு சாவியையும் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மேலாளரிடம் போய், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வரலாமா என்று கேட்டேன். "ஓகே, அதுக்கென்ன?" என்றார். இதைக் கேட்க எனக்கு இரண்டு வருடமாகப் பயம். அந்தப் பயத்துக்காக என் மகளை அந்தக் காரில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

பிறகு அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து பார்வை தெளிந்தது. ஆனாலும் அவர் ஓட்டவில்லை. தினமும் என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வார். இப்போது பயப்படுவது அவருடைய முறை. "மெதுவா, மெதுவா! லோரி வருது! பிரேக்கு!" என்று இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அவர் பக்கத்துக் கால்மிதியே ஓட்டையாகிவிட்டது. "நீங்க ஓட்டினதுக்கு இது தேவலைப்பா" என்பேன். பின்னாலிருந்து யாழினி சிரிப்பாள்.

அவர் போய் மூன்று மாதமாகிறது. நான் நன்றாகவே ஓட்டுகிறேன், யாரும் கத்துவதில்லை. ஆனால் பெரிய லோரி ஏதாவது எதிரே வரும்போது ஒரு கணம் பக்கத்து சீட்டைப் பார்த்துவிடுகிறேன். எனக்காகப் பயப்பட ஆளில்லாத இந்தச் சாலையில் எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பா.