பெயர் கேட்டு உருகும் பெருந்தகை

உயிர்களிடத்து இரக்கம் என்பது அறங்களுக்கெல்லாம் தலையாய அறம். அதனை உடையோரை நாம் கைகூப்பித் தொழுகிறோம். ஆனால் அந்த இரக்கத்தை நெஞ்சப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, எதிரே நிற்கும் உயிரின் பெயரைக் கேட்டுத் தெரிந்த பிறகே சாவியைத் துழாவுகிற ஓர் இனத்தார் உண்டு. பெயர் கேட்டு உருகுவோர் என்று அவர்களைச் சொல்லலாம். அருகிவரும் இனமோ என்று அஞ்ச வேண்டா. தெருவுக்கு நால்வர் இருக்கிறார்கள்.

நம்முடையவர் இரும்புக் கடை முதலாளி. மானைக் காப்போம் என்று யாரேனும் தாளை நீட்டினால், மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடாமல் கையெழுத்திடுவார். மயில் என்றால் கண் பனிக்கும். குயிலுக்காக நடந்த கூட்டத்தில் தலைமையே தாங்கினார். காக்கையின் கூட்டில் குயில் செய்கிற காரியத்தை அன்று யாரும் அவருக்கு எடுத்துரைக்கவில்லை. மரநாய்க்கு ஆதரவு கேட்டு வந்தவரையோ, மரமா நாயா என்று முடிவு செய்துகொண்டு வரும்படி திருப்பி அனுப்பிவிட்டார். தேவாங்கு என்ற சொல்லைத் தம் மூத்த மகனை ஏசுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தபடியால், அந்தப் பிராணிக்கு இரங்க அவரிடம் இடமே இல்லை. பாவம், அது என்ன செய்யும்? தன் பெயரைத் தானா சூட்டிக்கொண்டது?

இத்தகையவரிடம்தான் உயிர்க்காட்சிச் சாலையின் பறவைக் காப்பாளப் பெண் ஒரு வேண்டுதலோடு வந்து நின்றாள். சூறைக்காற்றில் ஒரு கூண்டின் கூரை பறந்துவிட்டது, உள்ளே ஓர் இணை முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கின்றன, ஆண்டுக்கு ஒரே முட்டை, வானமோ கறுத்துக்கொண்டிருக்கிறது, பன்னிரண்டு தகடுகள் கிடைத்தால் கரு பிழைக்கும் என்றாள். கூண்டின் முகப்பில் முதலாளியின் பெயரை எழுதி வைப்பதாகவும் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. பறவையின் பெயரைக் கேட்டார்.

"பிணந்தின்னிக் கழுகுங்க ஐயா."

மலர்ந்தது கூம்பிற்று. அடுத்த மாதம் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், பார்க்கத்தக்க இடமென்று அங்கேதான் அழைத்துப் போவதாக இருக்கிறது, அந்தப் பெயருக்குக் கீழே தம் பெயரா என்று நெடுநேரம் வருந்தினார். பிறகு ஒரு வழி கண்டார்.

"ஏம்மா, அன்னத்துக்குக் கூரை ஒழுகலையா?"

"அன்னம் தண்ணியிலதாங்க ஐயா இருக்கு."

கல்லாவில் அமர்ந்திருந்த மனைவியார் தலை நிமிராமலே சொன்னார்: "பேரு பாத்துத்தான் எல்லாம்னா, நான் உங்களுக்குக் கழுத்தையே நீட்டியிருக்க மாட்டேன்."

முதலாளி ஆணிகளை எடை போடத் திரும்பிவிட்டார். தகடு கிடைக்கவில்லை.

காப்பாளப் பெண் கூண்டின் மேல் பழைய தார்ப்பாயைக் கட்டினாள். அன்று மாலைத் தூறலிலேயே அது தொப்பை போட்டது. ஈரச் சேலையோடு ஏணியில் நின்று நீரைத் தள்ளிவிட்டவள், மறுநாள் காலை கடை திறக்கும்முன் வாசலில் இருந்தாள். இம்முறை அவள் கழுகு என்ற பேச்சையே எடுக்கவில்லை; அதன் பழந்தமிழ்ப் பெயரை எடுத்தாள்.

"பாறுன்னு ஒரு பறவைங்க ஐயா. பழைய பாட்டுல எல்லாம் வருது. அதுக்குத்தான் கூரை இல்லை."

"பாறு" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மறுமுறை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இவ்வளவு தொன்மையான உயிர் மழையில் நனைவதா என்று பதறி, பன்னிரண்டு கேட்ட இடத்தில் பதினான்கு தகடும், திருகாணியும், ஏணியோடு இரண்டு ஆட்களும் அப்போதே அனுப்பினார். கூரை ஏறிய அன்று இரவே பெருமழை. முட்டை பிழைத்தது, குஞ்சும் பொரிந்தது.

சம்பந்தி வந்தார். கூண்டின் முகப்பில் தம் பெயர் தாங்கிய புதுப் பலகைக்கு முன் அவரை நிறுத்தி, பாறின் பெருமையை நம் பெருந்தகை விரித்துரைத்தார். பிணந்தின்னி என்று வேறொரு பறவை உண்டென்றும், அதன் குணம் வேறு, இதன் குலம் வேறென்றும் விளக்கினார். சம்பந்தி அடக்கமாகக் கேட்டார்: "இதுக்குச் சாப்பாடு என்னங்க?"

காப்பாளப் பெண் பொய் சொல்லாதவள். "செத்த மாடுங்க."

முதலாளி கணமும் தயங்கவில்லை. "ஆனா பாருங்க சம்பந்தி, அளவாத்தான் சாப்பிடும்."

சிரிக்கிறீர்களே, உங்களை ஒன்று கேட்கலாமா? அந்த முட்டைக்காக உங்கள் நெஞ்சு துணுக்குற்றது எந்த இடத்தில்? பிணந்தின்னி என்றபோதா, பாறு என்றபோதா? விடையை என்னிடம் சொல்ல வேண்டா.

எப்படியாயினும் ஒரு கூரை எழுந்தது, ஓர் உயிர் பிழைத்தது. ஆகவே அவர் இல்லம் தழைக்க! அவர் கடை பொலிக! அந்த மனையில் பிறக்கும் பிள்ளைகளுக்கு இனிய பெயர்கள் அமைக. அப்பிள்ளைகளின் கைகள், வாசலில் வந்து நிற்பதன் பெயரைக் கேளாமலே நீர் வார்க்கும் கைகளாகுக!