வடகத்தோடு காய்ந்த அக்கார்டியன்

எங்கள் வீட்டில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து வெயில்தான். மெத்தையில் மூட்டைப்பூச்சியா, மொட்டை மாடி. அரிசியில் வண்டா, மொட்டை மாடி. அண்ணனின் போன் வாளியில் விழுந்தபோதும் அதே மொட்டை மாடி. திருவண்ணாமலை வெயில்மேல் (அது மட்டும் நாள் தவறாம டியூட்டிக்கு வந்துடும்) எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் ஒருநாள் என் மானத்தை வாங்கியது.

செங்கம் ரோட்டில் தன்ராஜ் அண்ணன் பழைய அக்கார்டியன் விற்கிறார், தோளில் மாட்டி, துருத்தியை விரித்து மடக்கி வாசிக்கிற பெட்டி. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்களிடமும், சென்னையில் வாசிப்பதை நிறுத்திவிட்ட கலைஞர்களிடமும் தேடிப்பிடித்து வாங்குவார். விற்பதுதான் கஷ்டம். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை பார்ப்பதுபோல ஆளைப் பார்ப்பார். பெங்களூரிலிருந்து காரில் வந்த ஒருவரை, "ஷோகேஸ்ல வைக்கத்தான கேக்கறீங்க? இல்லீங்க"னு திருப்பி அனுப்பினதை நானே பார்த்தேன். மனுஷன்னா அவர்தான்.

அவர் கடையில் சிவப்பு இத்தாலிப் பெட்டி ஒன்று இருந்தது. வேங்கிக்காலில் ஆபீஸ் முடிந்ததும் நேராக அங்கே போய், போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரே பாட்டை அதில் வாசிப்பேன். மாதக்கணக்கில் கேட்டுச் சலித்தாரோ என்னவோ, "உங்க அண்ணன் ரிசப்ஷன்ல இத முழுசா வாசி. நான் வந்து கேக்கறேன். நல்லா வாசிச்சா பெட்டி உனக்குத்தான்"னு சொல்லி வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கல்யாணத்துக்குக்கூட அப்படி நான் ஆசைப்படவில்லை.

பெட்டியில் லேசாக ஒரு பூஞ்சை வாடை. மேடையில் நாலு பேர் மூக்கைப் பொத்தினால் என்ன செய்வது? அம்மா அப்போது மாடியில் தாளிப்பு வடகம் காயவைத்திருந்தாள்.

"அங்கயே ஒரு ஓரமா வையேன்டி. ரெண்டு நாள் காஞ்சா எல்லாம் போயிடும்" என்றாள்.

நானும் (படிச்ச பொண்ணு) துருத்தியை நன்றாக விரித்து, உள்ளேயும் வெயில் படட்டும் என்று வடகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ரிசப்ஷன் அன்றைக்கு அதை இறக்கி, வாசித்துப்பார்க்க நேரமில்லாமல் அப்படியே வேனில் ஏற்றினேன். கீழ்பென்னாத்தூர் மண்டபத்துக்குப் போகும் வழியில் பெட்டிக்குள் ஏதோ கலகலவென்றது. வேன் குலுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் தன்ராஜ் அண்ணன். நான் மேடையேறி முதல் கட்டையை அழுத்தினேன். ஒன்றை அழுத்தினால் மூன்று அழுதன. அடுத்ததில் வெறும் காற்று. அந்தக் காற்றோடு வெங்காயமும் கடுகும் பூண்டும் சேர்ந்த வாசனை மண்டபமெல்லாம் பரவியது. புது அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பந்தியிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப்பார்த்து, "யாருப்பா அது கொழம்பு தாளிக்கறது" என்றார்.

தன்ராஜ் அண்ணன் மேடைக்கு வந்து பெட்டியை முகர்ந்தார்.

"இத எங்க வச்சிருந்தேம்மா?"

"மாடியிலண்ணா. வெயில்ல."

"உள்ள சத்தம் குடுக்கற தகடெல்லாம் மெழுகுல ஒட்டினதும்மா. உருகி மொத்தமும் கழண்டுடுச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மைக்கை வாங்கி, "பெட்டிக்கு ஒடம்பு சரியில்லீங்க. பந்தி ரெடி, எல்லாரும் சாப்பிடப் போங்க" என்று என்னைக் காப்பாற்றினார். பிறகு பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது? செங்கம் ரோடு பக்கமே நான் போகவில்லை.

ஒருநாள் அவரே போன் செய்து கூப்பிட்டார். தகடு ஒவ்வொன்றையும் துடைத்து, புது மெழுகு வைத்து ஒட்டியிருந்தார். வாசித்துக் காட்டினார், பழையபடி அதே குரல். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"பூஞ்ச வாடை சுத்தமா போயிடுச்சும்மா. வடக வாசனைதான் என்ன பண்ணியும் போவல. இனிமே இந்தப் பொண்ண வேற எடத்துல குடுக்க முடியாது. நீயே கூட்டிட்டுப் போ" என்றார்.

இன்றைக்கும் வீட்டில் யாராவது முகம் வாடி உட்கார்ந்தால், "மாடியில ரெண்டு நாள் போடலாமா?" என்பாள் அண்ணி. நான் அக்கார்டியனை எடுத்து விரித்தால், அண்ணன் சோற்றுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான்.